ஜன்னலைத் திறந்தா கொசு வரும், மேடம்

கொஞ்சம் நீளமான த்ரெட். இப்போ நேரம் இல்லைன்னா சேமிச்சு வச்சுட்டு ராத்திரி படிங்க. படுக்கிற ரூம்லயே உட்கார்ந்து படிச்சா இன்னும் நல்லது.

சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அவங்க யாருன்னு தெரியாம இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாத்தியிருக்கேன்.

போன சித்திரையில் ஒரு நாலு வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. ராத்திரி ஆனா இருமல், விடியக்காலையில் இளைப்பு. பகல்ல பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடி விளையாடுறான். நெஞ்சில் ஸ்டெத் வச்சா லேசான விசில் சத்தம். நெபுலைசர் வச்சேன், மருந்து எழுதினேன், அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு அதே பையன், அதே விசில். இந்த முறை இன்ஹேலரும் ஸ்பேசரும் எழுதிக் கொடுத்து, எப்படி அடிக்கணும்னு செஞ்சும் காட்டினேன்.

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுட்டேன்னுதான் அப்போ நினைச்சேன். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கா? நாய், பூனை வளர்க்கிறீங்களா? சிகரெட் பிடிக்கிறவங்க இருக்காங்களா? எல்லாத்துக்கும் இல்லைன்னு பதில். பையன் எந்த ரூமில் படுக்கிறான், கூட யார் யார் படுக்கிறாங்க, அந்த ரூம் ஜன்னல் திறந்திருக்குமா மூடியிருக்குமா? இதை மட்டும் கேட்கலை. அங்கதான் கோட்டை விட்டேன்.

மூணாவது தடவை அவன் அம்மாவுக்கு லீவு கிடைக்கலை. தாத்தா கூட்டிட்டு வந்தார். பையன் நெஞ்சை நான் பார்த்துட்டு இருக்கும்போது, பக்கத்தில் நின்ன தாத்தா முகத்தைத் திருப்பித் துண்டால வாயை மூடிக்கிட்டு இருமினார். அடங்க ஒரு நிமிஷம் ஆச்சு.

"எவ்வளவு நாளா அய்யா இந்த இருமல்?"

"அது கெடக்கு டாக்டரம்மா. பழைய பீடி இருமல். பீடிய விட்டுப் பத்து வருஷமாச்சு, இருமல்தான் என்னைய விடல."

சட்டைத் தோள்பட்டை முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடந்தது. எடை பார்த்தா, போன வருஷம் அவரே சர்க்கரை செக் பண்ண வந்தப்போ எழுதி வச்சதைவிட ஏழு கிலோ குறைவு. சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். டிபி.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளியைப் பரிசோதிக்கணும். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். டிபின்னு உறுதியானா எங்களை மாதிரி தனியார் டாக்டர்கள் அரசுக்குத் தெரிவிக்கணும்ங்கிறது 2012-ல இருந்தே கட்டாயம். தெரிவிச்சேன். டிபி பணியாளர் ஒருத்தர் வீட்டில் இருக்கிற மத்தவங்களைப் பரிசோதிக்க வந்தப்போ நானும் கூடப் போனேன். என் க்ளினிக்கில் இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் அவங்க வீடு.

கடன் வாங்கி மூணு வருஷம் முன்னாடி கட்டின வீடு. வாஸ்து பார்த்து, டைல்ஸ் போட்டு, ஃபால்ஸ் சீலிங் போட்டு அழகா வச்சிருந்தாங்க. ரெண்டு பெட்ரூம். ஒண்ணுலதான் ஏசி. வெயில் காலம் ஆனதும் எல்லாரும் அந்த ரூமுக்கு வந்துடுறாங்க. அப்பா, அம்மா, பையன், அவன் அக்கா, ஓரமா ஒரு கட்டில் போட்டு தாத்தா. பத்துக்குப் பதினொண்ணு அடி ரூமில் அஞ்சு பேர்.

ஸ்லைடிங் ஜன்னல். அதோட இடுக்கெல்லாம் பழைய செய்தித்தாளை மடிச்சு வச்சு டேப் ஒட்டியிருந்தாங்க. ஏசி மாட்ட வந்தவர் சொன்னாராம், "சின்ன கேப் இருந்தாலும் கூலிங் லீக் ஆகும், கரண்ட் பில் ஏறும்"னு. கதவுக்கு அடியில் சுருட்டி வச்ச பழைய பருத்திப் புடவை. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரூமைச் சாத்தி கொசுவத்தியைக் கொளுத்தி வச்சுடுவாங்க. ஏழரைக்கு அதை எடுத்துட்டு ஏசியைப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைப்பாங்க. "கொசு எல்லாம் செத்துடும் மேடம், ஒரு கடி இல்ல"ன்னு அந்தம்மா சொன்னாங்க. டெங்கு பயம். போன வருஷம் பொண்ணுக்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது.

கவனக்குறைவான குடும்பம்னு நினைச்சுடாதீங்க. என்கிட்ட வர்றதிலேயே ரொம்பக் கவனமா இருக்கிற குடும்பங்களில் ஒண்ணு இது. கொசு, தூசி, வெக்கை, திருடன் எதுவும் உள்ளே வரக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து அடைச்சிருக்காங்க. வெளியே போக வேண்டியதும் சேர்ந்து உள்ளேயே அடைஞ்சு போச்சு.

கிளம்பும்போது அந்தம்மா வாசலில் நின்னு அழுதாங்க. "வயசானவர் வெக்கையில படுக்க வேணாம்னு நான்தான் மேடம் மாமாவை உள்ள வந்து படுக்கச் சொன்னேன்." அதுக்கு என்னால உடனே ஒரு பதில் சொல்ல முடியலை.

இப்போ உங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க வீட்டு ஸ்ப்ளிட் ஏசி வெளியில் இருந்து காத்தை உள்ளே கொண்டு வருதா?

என்கிட்ட வர்றவங்களிடம் ஒரு மாசம் இதைக் கேட்டேன். படிச்சவங்க, படிக்காதவங்க வித்தியாசமே இல்லை, முக்கால்வாசிப் பேர் "ஆமா, அதுக்குத்தானே வெளியே ஒரு பெட்டி இருக்கு"ன்னாங்க. இல்லைங்க. உள்ளே இருக்கிற பெட்டிக்கும் வெளியே இருக்கிற பெட்டிக்கும் நடுவே ஓடுற செம்புக் குழாயில் போறது குளிரூட்டும் வாயு மட்டும்தான். ரூமில் இருக்கிற காத்தையே இழுத்து, அதில் இருக்கிற சூட்டை மட்டும் வெளியே தள்ளிட்டு, அதே காத்தை உங்க மேல திரும்ப ஊதுது. ராத்திரி பத்து மணிக்கு நீங்க விட்ட மூச்சு விடிய விடிய அந்த ரூமையே சுத்திக்கிட்டு இருக்கும். குளிரா இருக்கிறதால அது நல்ல காத்துன்னு நம்ம மூக்கு நம்பிடுது.

கொரோனா இரண்டாவது அலை முடிஞ்ச சமயம் கார்பன் டை ஆக்சைடு அளக்கிற ஒரு சின்ன மீட்டர் வாங்கியிருந்தேன். நாலு நாள் ஆசையா வச்சுப் பார்த்துட்டு மேஜை டிராயரில் போட்டாச்சு. தாத்தா விஷயத்துக்கு அப்புறம் அதைத் தேடி எடுத்து, ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டைப் பார்ப்போம்னு எங்க பெட்ரூமில் வச்சேன்.

திறந்த வெளியில் இப்போ கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 முதல் 430 பிபிஎம். அதாவது பத்து லட்சத்தில் 430 பங்கு. நாம விடுற மூச்சிலோ ஏறக்குறைய 4 சதவீதம், பிபிஎம் கணக்கில் 40,000. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட எங்க ரூமில் நான், கணவர், மகள் மூணே பேர். ராத்திரி பதினொரு மணிக்கு 700. காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து பார்த்தா 2,450.

இந்த எண்ணைப் பார்த்து ஆக்சிஜன் தீர்ந்துபோயிடும்னு யாரும் பயப்பட வேண்டாம். அப்படி ஆகாது. இந்த அளவு கார்பன் டை ஆக்சைடு தன்னளவில் உயிருக்கு ஆபத்தும் இல்லை. சிலருக்குத் தலைபாரமும் எழுந்ததும் ஒரு மந்தமும் இருக்கலாம். இதை நான் பார்க்கிறது வேற காரணத்துக்காக. வெளிக்காத்தில் இருக்கிறதைவிடக் கூடுதலா இருக்கிற அந்த 2,000 பிபிஎம் எங்கே இருந்து வந்தது? எங்க மூணு பேர் நுரையீரலில் இருந்து. 40,000-ல் 2,000-னா இருபதில் ஒரு பங்கு. அதாவது விடியக்காலையில் நான் இழுக்கிற இருபது மூச்சில் ஒரு மூச்சு, ஏற்கெனவே எங்கள்ல யாரோ ஒருத்தர் நெஞ்சுக்குள்ள போய் வந்த காத்து.

அந்த ரூமில் அஞ்சு பேர். ஒருத்தருக்கு டிபி. இடுக்கெல்லாம் டேப். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

1,000 பிபிஎம்முக்குக் கீழே வச்சுக்கோங்கன்னு சொல்றது இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்லை. மியூனிக் நகரத்தில் இருந்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொல்லிட்டார். ரூமில் கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினா அங்கே காத்து போதலைன்னு அர்த்தம் என்பது அவர் கணக்கு. மீட்டர் எல்லாம் இல்லாத காலம், ரசாயனம் கலந்து அளந்து பார்த்திருக்கார்.

டிபி காத்தில்தான் பரவுதுங்கிறதை நிரூபிச்ச கதை இன்னும் சுவாரசியம். 1950-களில் அமெரிக்காவின் பால்டிமோரில், வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி ரெண்டு பேரும் ஒரு டிபி வார்டின் காத்தைக் குழாய் வழியா மேலே இருக்கிற கூண்டுகளுக்குக் கொண்டு போனாங்க. கூண்டுக்குள்ள கினி எலிகள். அந்த எலிகள் நோயாளிகளைப் பார்த்ததில்லை, தொட்டதில்லை, அவங்க தட்டில் சாப்பிட்டதில்லை. வார்டுக் காத்தை மட்டும்தான் சுவாசிச்சது. ஒண்ணு ஒண்ணா டிபி வந்தது. அதே காத்தைப் புற ஊதாக் கதிர் வழியா அனுப்பின இன்னொரு கூண்டில் இருந்த எலிகள் தப்பிச்சது. தட்டு, டம்ளரைத் தனியா எடுத்து வைக்கிறதில் காட்டுற அக்கறையை ஜன்னலில் காட்டுங்கன்னு நான் கத்துறதுக்குக் காரணம் அந்த எலிகள்தான்.

இன்னொண்ணு. பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் ஆஸ்பத்திரி அறைகளில் காத்து எவ்வளவு மாறுதுன்னு அளந்து 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் வச்ச பழைய காலக் கட்டடங்களில், ஜன்னல் கதவைத் திறந்து வச்சா அறையின் மொத்தக் காத்தும் மணிக்கு 40 தடவை மாறுது. புதுக் கட்டடங்களில் 17 தடவை. இயந்திரம் வச்சுக் காத்து மாத்துற அறைகளுக்கு எதிர்பார்க்கிற அளவே 12 தான்.

நம்ம பாட்டன் வீடுகளும் அப்படித்தானே? நடுவில் முற்றம், கூரைக்கு அடியில் கம்பி போட்ட வெண்டிலேட்டர், அடுப்படிக்கு மேலே புகைபோக்கி. சூடான காத்து தானா மேலே ஏறி வெளியே போயிடும், கீழே ஜன்னல் வழியா புதுசு வரும். இப்போ வெண்டிலேட்டரை ஃபால்ஸ் சீலிங் மறைச்சிடுச்சு. பழைய வீட்டு அடுப்படி விறகுப் புகையில் கண்ணு போய், நெஞ்சு போய் கஷ்டப்பட்ட பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கேன், அதனால் அந்தக் காலமே சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். வெண்டிலேட்டரை மட்டும் திருப்பிக் கொடுங்கங்கிறேன்.

சென்னைக்காரங்களுக்குத் தாம்பரம் சானடோரியம்னா ஒரு ரயில்வே ஸ்டேஷன். அந்தப் பேர் வந்தது 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே தொடங்கின டிபி ஆஸ்பத்திரியால. அப்போ டிபிக்கு மருந்தே கிடையாது. திறந்த காத்து, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். காத்து மட்டும் டிபியைக் குணப்படுத்தாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிச்ச பிறகுதான் நிலைமை மாறுச்சு. பிறகு 1956-ல் சென்னையில் இன்னொரு முக்கியமான ஆய்வு தொடங்கினாங்க. பாதி நோயாளிகளுக்கு சானடோரியத்தில் மருந்து, பாதிப் பேருக்கு வீட்டில் வச்சே மருந்து. வீட்டில் இருந்தவங்களும் அதே அளவுக்குக் குணமானாங்க. அவங்க குடும்பத்தாருக்குக் கூடுதலா டிபி வரவும் இல்லை. உலகம் முழுக்க டிபி நோயாளிகளை வீட்டிலேயே வச்சுப் பார்க்கலாம்னு மாறினதுக்கு இந்த சென்னை ஆய்வு பெரிய காரணம்.

அதனால, டிபின்னு தெரிஞ்சதும் தாத்தாவைத் தூக்கி வாசலில் போட வேண்டாம். சரியான மருந்து ஆரம்பிச்சதும் தொற்றுற தன்மை வேகமா குறைஞ்சிடும். முதல் சில வாரம் மாஸ்க், காத்தோட்டமான தனி ரூம், அவ்வளவுதான். ஆபத்து மருந்துக்கு அப்புறம் இருக்கிற நாட்களில் இல்லை. நோய் இருக்குன்னே தெரியாம மூடின ரூமில் ஒண்ணாப் படுத்த அந்த மாசங்களில்தான். எந்த வீட்டில், எந்த ஆபீஸில், எந்த பஸ்ஸில் யாருக்கு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

இப்போ என் கதைக்கு வர்றேன், சொல்லக் கொஞ்சம் வெட்கமா இருக்கு. மீட்டரை க்ளினிக்குக்கு எடுத்துட்டுப் போனேன். சாயங்காலம் எட்டு மணிக்கு என் ரூமில் 2,600. ஒன்பது வருஷமா அந்த ரூமில் உட்கார்றேன். ஜன்னல் இருக்கு. அதுக்கு முன்னாடி சாம்பிள் மருந்து அடுக்குற பீரோ. பீரோவை நகர்த்திப் பார்த்தா, பெயின்ட் அடிச்சப்போ கதவும் சட்டமும் ஒட்டிக்கிட்டு ஜன்னல் திறக்கவே இல்லை. இருமலுக்குன்னு வர்றவங்களை எல்லாம் மூடின ஏசி ரூமில் வரிசையா உட்கார வச்சு, "காத்தோட்டமா இருங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். ஒன்பது வருஷம்.

நானும், கூட வேலை பார்க்கிற தங்கச்சியும் எக்ஸ்ரே எடுத்தோம். அவளுக்குக் கைக்குழந்தை. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அவ என்கிட்ட எதுவும் கேட்கலை, வழக்கம்போல டோக்கன் கொடுத்துட்டு இருந்தா. அவ முகத்தைப் பார்க்க முடியாம நான்தான் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு இருந்தேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை. மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டு உளி வச்சு ஜன்னலைப் பிரிச்சோம். எதிர்ச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். இப்போ ஏசி ஓடும்போதும் ஜன்னல் நாலு விரல் திறந்துதான் இருக்கும். எட்டு மணிக்கு 900-ஐத் தாண்டறதில்லை. கரண்ட் பில் கொஞ்சம் ஏறியிருக்கு, மறைக்கலை.

சரி, நீங்க கேட்கப் போறதெல்லாம் எனக்குத் தெரியும். முதல்ல கொசு.

ஜன்னலைத் திறக்கணும்னா வலை அடிக்கணும். வெல்க்ரோ வச்சு ஒட்டுற வலை போதும், கழட்டித் துவைக்கலாம். துவைக்கணும், அதுதான் முக்கியம். தூசி படிஞ்ச வலை பாதிக் காத்தைத் தடுத்துடும். பொழுது சாயுற நேரம் கதவுகளை மூடி வச்சுட்டு, இருட்டினதும் வலை போட்ட ஜன்னலைத் திறந்துக்கோங்க. பிள்ளைகளுக்குக் கட்டிலில் கொசுவலை கட்டுங்க. அதைக் கட்டினா ஜன்னலைப் பத்தின பயமே போயிடும். டெங்கு கொசு பகலில் கடிக்கிறது, அதனால் ராத்திரி ஜன்னலை அடைக்கிறதைவிட மொட்டை மாடியில் தேங்கியிருக்கிற தண்ணியைக் கொட்டுறதுதான் டெங்குக்கு வேலை செய்யும்.

கொசுவத்தியைப் பத்தி ஒரு வார்த்தை. சீனா, மலேசியாவில் விற்ற கொசுவத்திகளை வச்சுச் செஞ்ச ஒரு ஆய்வு 2003-ல் வந்தது. ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வெளிவர்ற பிஎம் 2.5 நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் எரியறதுக்குச் சமம். ஒரு சுருள் உங்களுக்கு 75 சிகரெட் பிடிச்ச நோயைக் கொடுக்கும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. துகளின் அளவைத்தான் சொல்றாங்க. ஆனா மூடின ரூமில் ஒன்றரை மணி நேரம் அதைக் கொளுத்தி வச்சுட்டு, திறக்காமலேயே ஏசியைப் போட்டு, இளைப்பு இருக்கிற பிள்ளையை அங்கே படுக்க வைக்கிறது சரியான்னு நீங்களே சொல்லுங்க. "வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கலை"ன்னு அவங்க சொன்ன பதில் உண்மைதான். நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அப்படியே சாம்பிராணி. குளிப்பாட்டின பச்சைக் குழந்தைக்குத் தலைக்குப் புகை காட்டுறது பாட்டிமார்களோட ஆசை. மென்மையான துண்டால துவட்டினாலே தலை காஞ்சிடும். சண்டை போடாம, "டாக்டர் வேணாம்னுட்டாங்க"ன்னு என் மேல பழியைப் போடுங்க.

அடுத்தது திருட்டு பயம். குச்சி விட்டு செல்போனை இழுக்கிற கதை எல்லாம் எங்க தெருவிலேயே நடந்திருக்கு. மர ஜன்னலா இருந்தா மேல் கதவை மட்டும் திறங்க. சூடான காத்து மேலேதான் நிக்கும், அதுதான் வெளியே போகணும். போனும் பையும் ஜன்னல் பக்கம் வேண்டாம்.

ஏசிக்காரர் சொன்ன கூலிங் லீக்? உண்மைதான், கொஞ்சம் லீக் ஆகும். படுக்கப் போறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் எல்லாத்தையும் திறந்து வச்சா போதுமான்னு கேட்பீங்க. அது நல்லது, ஆனா மூடின ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழையபடி ஏறிடும். எங்க வீட்டில் செஞ்சு பார்த்ததில் ரெண்டு வழி வேலை செஞ்சது. ஒண்ணு, ஏசியில் டைமர் வச்சு ரெண்டு மணிக்கு அணைச்சுட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுறது. யாராவது எழுந்து திறக்கணும், அது எங்க வீட்டில் நான்தான். இன்னொண்ணு, பாத்ரூம் ஒட்டின பெட்ரூமா இருந்தா, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டு, அதன் கதவைக் கொஞ்சம் திறந்து வச்சு, எதிர்ப்பக்க ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வைக்கிறது. ஃபேன் இழுக்கிற காத்துக்கு ஈடா ஜன்னல் வழியா புதுக் காத்து வரும். இதை எக்ஸாஸ்ட் வாங்குற யாரும் யோசிக்கிறதில்லை. உள்ளே வர வழி இல்லைன்னா வெளியே தள்ளவும் அதால முடியாது, சும்மா சத்தம்தான் போடும். ஒரு தையல் நூலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்க விடுங்க. உள் பக்கமா ஆடினா காத்து வருதுன்னு அர்த்தம்.

ஆனா பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வச்சிருக்கிறவங்க இந்த வேலையைச் செய்யாதீங்க. முதல்ல அந்த கீசரை வெளியே மாத்துங்க. மூடின பாத்ரூமில் கேஸ் சரியா எரியாம போனா கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதை இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். குளிக்கப் போனவங்க மயங்கி விழுந்து, கதவை உடைக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்.

சமையலறைக்கு மீட்டரே வேண்டாம். மிளகாய் வறுக்கும்போது ஹாலில் இருக்கிறவங்க தும்முறாங்களா? அப்போ உங்க சிம்னி வேலை செய்யலை. பல வீட்டில் சிம்னிக்கு வெளியே போற குழாயே இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டிட்டு அதே காத்தைத் திரும்ப உள்ளேயே விடும். குழாய் எங்கே முடியுதுன்னு ஒரு தடவை போய்ப் பாருங்க.

எப்பவும் ஜன்னலைத் திறந்தே வைங்கன்னு நான் சொல்லலை. போகி காலையில் சென்னையில் திறந்து வச்சா என்ன ஆகும்னு தெரியும். தீபாவளி ராத்திரியும் அப்படித்தான். மெயின் ரோட்டு மேல வீடு இருக்கிறவங்க பஸ்ஸும் லாரியும் குறைஞ்ச நேரமா பார்த்து, தெருப் பக்கம் இல்லாத ஜன்னலைத் திறக்கலாம். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு: ஹெப்பா ஃபில்டர் இருந்தா தூசியையும் கிருமித் துகளையும் பிடிக்கும், அந்த அளவில் உபயோகம். கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது, புதுக் காத்தும் தராது. வலைக்கு ஆகிற செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல. வீட்டில் எல்லாரையும் பரிசோதிச்சாங்க. பையனுக்கு எக்ஸ்ரேயும் மத்தப் பரிசோதனைகளும் சரியா இருந்தது. ஆனா அஞ்சு வயசுக்குக் கீழே இருக்கிறதால தடுப்பு மருந்து ஆறு மாசம் கொடுத்தோம். கசப்புன்னு தினமும் அழுதுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சான். இளைப்பு இப்போ ரொம்பக் குறைஞ்சிருக்கு. கொசுவத்தியை நிறுத்தினதாலயா, ஜன்னலாலயா, இன்ஹேலரை ஒழுங்கா எடுத்ததாலயா? எல்லாத்தையும் ஒரே சமயத்தில் செஞ்சோம், பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை.

தாத்தா கார்த்திகையில் மருந்தை முடிச்சார். அஞ்சு கிலோ ஏறியிருக்கு. மருமகள் திரும்ப ஏசி ரூமுக்குக் கூப்பிட்டாங்க, அவர் மாட்டேன்னுட்டார். "அங்க குளுருது டாக்டரம்மா"ன்னு என்கிட்ட சொன்னார். அது குளிர் இல்லைன்னு எனக்கும் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும். இனிமே பயம் இல்லைன்னு நான் மூணு தடவை சொல்லிட்டேன். பேரன்தான் இப்போ தலையணையைத் தூக்கிட்டு அவர் ரூமுக்குப் போயிடுறானாம். அங்கே ஃபேன், வலை அடிச்ச ரெண்டு ஜன்னல், ஒரு பெரிய கொசுவலை.

மீட்டரை அவங்ககிட்ட ரெண்டு நாளைக்குக் கொடுத்திருந்தேன். நேத்து விடியக்காலை அஞ்சே காலுக்கு அந்தம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாங்க. தாத்தா கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மீட்டர், 640. கொசுவலைக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு சின்னக் கால். கீழே எழுதியிருந்தாங்க: "மேடம், அந்தக் காலை மட்டும் கொசு கடிச்சிருக்கு."